இரண்டாவது டீசல் டாங்கி: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

காலபோக வெட்டு நெருங்கும்போது பிக்கப்புக்கு மேலதிக டாங்கி பூட்டுவது பற்றிய கடிதங்களும் கூடிவிடுகின்றன. இந்த இதழில் அவற்றுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியுள்ளோம்.

மல்லாவி வாசகர்: என்னிடம் இருப்பது டபுள் கேப் டீசல் பிக்கப், டாங்கி 75 லீற்றர். வெட்டு மெசினோடு துணுக்காய், ஐயன்கன்குளம் பக்கம் நாட்கணக்கில் நிற்கவேண்டியிருக்கிறது. பின்பெட்டியில் 100 லீற்றர் டாங்கி வைத்து, எஞ்சினுக்குப் போகும் குழாயில் ‘ரீ’ (மூன்று வாய் இணைப்பு) போட்டு இணைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். மேலே இருக்கிற டாங்கிதானே, ஒரு வால்வு பூட்டி விட்டால் தானாகவே இறங்கும் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

‘ரீ’ போட்டால் எஞ்சின் இரண்டு டாங்கிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் இழுக்கும். இரண்டும் ஒன்றாக முடிவதில்லை. எது முதலில் வற்றுகிறதோ அந்தப் பக்கத்தால் காற்று உள்ளே போகும். மற்ற டாங்கியில் 40 லீற்றர் கிடந்தாலும் வாகனம் நடு வழியில் நின்றுவிடும். பழைய எஞ்சின் என்றால் காற்றை எடுத்துவிட்டு மறுபடி ஓடலாம். கொமன் ரெயில் எஞ்சினில், அதாவது உயர் அழுத்த டீசல் ‘ரெயில்’ என்ற ஒரே குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் (எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் உறுப்பு) போகும் வகையில், நட்டம் பெரியது. அதன் உயர் அழுத்தப் பம்புக்கு உள்ளே போகும் டீசல்தான் மசகும். டீசல் இல்லாமல் சுற்றினால் உலோகம் உலோகத்தோடு உரசித் தூள் கிளம்பும். அந்தத் தூள் ரெயிலுக்குள்ளும் இன்ஜெக்டருக்குள்ளும் போய்ச் சேரும். அதற்குப் பிறகு பம்பை மட்டும் மாற்றித் தப்ப முடியாது.

வால்வைத் திறந்து தானாக இறங்கவிடும் முறையில் எஞ்சினுக்குக் கேடில்லை. ஆனால் மேல் டாங்கி கீழ் டாங்கியை விட உயரத்தில் இருப்பதால், வால்வை மூட மறந்தால் கீழ் டாங்கி நிறைந்தும் நிற்காது. மூடியாலும் காற்றுக் குழாயாலும் டீசல் வழியும். தார் வீதியில் சிந்திய டீசலில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் வழுக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நாங்கள் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

நாங்கள் சொல்வது இதுதான்: பழைய டாங்கியிலிருந்து எஞ்சின் வரை போகும் குழாய்களில் கை வைக்காதீர்கள். இரண்டாவது டாங்கியை வெறும் சேமிப்பாக வையுங்கள். அதிலிருந்து சிறிய 12 வோல்ட் பம்பால் பழைய டாங்கிக்கு டீசலை மாற்றுங்கள். எஞ்சினைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. பம்ப் பழுதானாலும் வாகனம் ஓடும்.

டாங்கியின் அளவு: நீளம் 100, அகலம் 35, உயரம் 30 சென்ரிமீற்றர். கொள்ளளவு 105 லீற்றர். அதில் 95க்கு மேல் நிரப்பவேண்டாம். டீசல் சூட்டில் விரியும். வெயிலில் 25 பாகை சூடு ஏறினால் 95 லீற்றர் இன்னும் 2 லீற்றர் இடம் கேட்கும். 2 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் செய்தால் வெறும் டாங்கி 28 கிலோ அளவில் வரும். 95 லீற்றர் டீசல் 80 கிலோ. ஆக மொத்தம் 108 கிலோ, இரண்டு மூட்டை யூரியாவுக்குச் சற்றுக் கூட. அந்த அளவு பாரத்தை இனி ஏற்றும் சாமானில் குறைத்துக்கொள்ளவேண்டும்.

டாங்கியை கேபினுக்குப் பின்னால், பெட்டியின் குறுக்கே வையுங்கள். நெடுக்கே வைக்கக் கூடாது. குறுக்கே இருந்தால் பிறேக் பிடிக்கும்போது டீசல் முன்பின்னாக ஓட 35 சென்ரிமீற்றர்தான் உண்டு. வளைவில் பக்கவாட்டாக ஓடுவதைத் தடுக்க உள்ளே இரண்டு தடுப்புத் தகடுகள் வையுங்கள், அப்போது நீளம் மூன்று அறையாகப் பிரியும். ஒவ்வொரு தடுப்பின் கீழ் மூலைகளிலும் 25 மில்லிமீற்றர் வெட்டிவிட்டால் டீசல் போய்வரும். மேல் மூலைகளையும் வெட்டவேண்டும், அதில்தான் காற்று போகும். மேல் மூலையை வெட்ட மறந்த டாங்கி நிரப்பும்போது துப்பும்.

பூட்டும்போது பெட்டியின் மெல்லிய தகட்டை மட்டும் நம்பவேண்டாம். 8.8 தர எம்10 போல்ட் ஆறு, அடியில் அகலமான தாங்குதகடு, முடிந்தவரை பெட்டி செசியோடு பூட்டப்பட்டிருக்கும் இடங்களுக்குக் கிட்ட. டாங்கிக்கும் பெட்டிக்கும் நடுவில் 5 மில்லிமீற்றர் ரப்பர் பட்டி. ரப்பரை முழுத் தாளாக விரித்தால் அடியில் தண்ணீர் தங்கித் தகடு துருப்பிடிக்கும், பட்டியாக வைத்தால் வடிந்துவிடும்.

இனிக் குழாய். உறிஞ்சு குழாய் டாங்கியின் மேல்மூடியால் இறங்கி, அடித்தகட்டுக்கு 15 முதல் 20 மில்லிமீற்றர் மேலே நிற்கவேண்டும். அடியோடு முட்டினால் அங்கே தேங்கும் தண்ணீரையும் கசடையும் இழுக்கும். டாங்கியின் மேலே குழாய் வெளிவரும் இடத்தில் மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும் 12 வோல்ட் சொலனொயிட் வால்வு. பிறகு ஒரு சிறு வலை வடிகட்டி, பிறகு பம்ப். இந்த வால்வு இல்லாவிட்டால், பம்பை நிறுத்திய பின்பும் சில வகைப் பம்புகளுக்குள்ளால் டீசல் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன வழிந்தோடும் ஆபத்து அப்படியே திரும்பி வரும்.

பம்பிலிருந்து வரும் 8 மில்லிமீற்றர் குழாயைப் பழைய டாங்கியின் நிரப்பு கழுத்தில் சேர்க்கவேண்டும். கழுத்திலுள்ள ரப்பர் குழாயை வெட்டி, அதன் உள்விட்டத்துக்குப் பொருந்தும் 8 சென்ரிமீற்றர் நீள இரும்புக் குழாயை நடுவில் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் போடுங்கள். அந்த இரும்புத் துண்டில், பூட்டுவதற்கு முன்னரே லேத்தில் 8 மில்லிமீற்றர் முளை ஒன்று கீழ்நோக்கிச் சாய்த்து ஒட்டியிருக்கவேண்டும். பக்கத்தில் போகும் மெல்லிய காற்றுக் குழாயில் சேர்ப்பது இலேசான வேலைதான், ஆனாலும் அதைச் செய்யாதீர்கள். டீசல் உள்ளே வரும்போது காற்று வெளியேறும் வழி அதுதான்.

குழாய் டீசலுக்கென்றே வரும் ரப்பர் குழாயாக இருக்கட்டும். கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்ரிக் குழாய் சில மாதத்தில் விறைத்துச் சுருங்கும், கிளிப்புக்கு அடியில் கசியும்.

மின்சாரம்: சாவி போட்டால் மட்டும் வரும் இணைப்பிலிருந்து 5 அம்பியர் பியூஸ், 1.5 சதுர மில்லிமீற்றர் வயர். பம்பும் வால்வும் சேர்ந்து 3 அம்பியர் அளவுதான் இழுக்கும். சாதாரண சுவிச் பூட்டவேண்டாம். ஒருமுறை அழுத்தினால் 15 நிமிடம் ஓடித் தானாக நிற்கும் ரைமர் ரிலே பூட்டுங்கள். பம்பின் உண்மையான வேகத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். ஒரு நிமிடம் கானுக்குள் ஓடவிட்டுப் பாருங்கள். 1.6 லீற்றர் வந்தால் 15 நிமிடத்துக்கு 24 லீற்றர். உங்கள் 75 லீற்றர் டாங்கியின் முள் பாதியில் நிற்கும்போது 37 லீற்றர் இடம் இருக்கும். ஆகவே ‘முள் பாதிக்கு வந்தால் ஒருமுறை அழுத்து’ என்ற ஒரே பழக்கத்தோடு வழிந்தோட வாய்ப்பே இல்லை. முள் அடிக்கு இறங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். டாங்கி வெறுமையானால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டோம்.

மீதி எவ்வளவு என்று பார்க்க மின்கேஜ் தேவையில்லை. இந்த டாங்கியின் அடிப்பரப்பு 3,500 சதுர சென்ரிமீற்றர், எனவே ஒரு சென்ரிமீற்றர் உயரம் 3.5 லீற்றர். அலுமினியக் கம்பியொன்றில் கோடு வெட்டி மூடிக்குள்ளால் விட்டுப் பாருங்கள். வாகனம் மட்டமான தரையில் நிற்கவேண்டும்.

அதே டாங்கியிலிருந்து வெட்டு மெசினுக்கும் அடிக்க விரும்பினால், அதற்கு நிமிடத்துக்கு 40 லீற்றர் தள்ளும் பம்பு தனியே வேண்டும். அது 15 அம்பியர் அளவு இழுக்கும். பற்றரியிலிருந்து நேரடியாக 4 சதுர மில்லிமீற்றர் வயரும், பற்றரிக்குக் கிட்ட 25 அம்பியர் பியூசும் போடுங்கள். இந்த வேகப் பம்பைப் பழைய டாங்கியோடு ஒருபோதும் இணைக்காதீர்கள். கழுத்தால் திருப்பிக் கக்கும்.

ஒட்டுசுட்டான் வாசகர்: ஏற்கெனவே ஒரு கராஜில் சுவிச்சால் டாங்கி மாற்றும் வால்வு பூட்டியிருக்கிறேன். இரண்டாவது டாங்கியில் ஓடும்போது முதலாவது டாங்கியின் மூடியால் டீசல் வழிகிறது. இரண்டாவது டாங்கியோ 50 கிலோமீற்றருக்குள் வற்றிவிடுகிறது. எங்காவது ஓட்டையா?

பதில்: ஓட்டை இல்லை, திரும்பு குழாயை மறந்துவிட்டார்கள். டீசல் எஞ்சின் தான் எரிப்பதை விட அதிகமாக டாங்கியிலிருந்து இழுக்கும். மிச்சம் பம்பையும் இன்ஜெக்டரையும் குளிர்த்திவிட்டு, சூடாகத் திரும்பு குழாய் வழியே டாங்கிக்கே போகும். உங்கள் வால்வு இழுக்கும் குழாயை மட்டும் இரண்டாவது டாங்கிக்கு மாற்றுகிறது. திரும்பி வருவது பழையபடி முதலாவது டாங்கியில் விழுகிறது. எரிவதை விடக் கூடுதலான டீசல் இப்படி இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

சரிபார்க்க, திரும்பு குழாயை டாங்கிப் பக்கத்தில் கழற்றி, எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒரு போத்தலுக்குள் பிடித்துப் பாருங்கள். எவ்வளவு வருகிறது என்று கண்ணாலே தெரியும். குறைந்த அழுத்தமுள்ள திரும்பு குழாயை மட்டுமே இப்படிக் கழற்றலாம். எஞ்சின் ஓடும்போது ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டைத் தளர்த்தவே கூடாது. அங்கே உள்ள அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும். பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசிமுனை அளவு காயம்தானே என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விடயம் அது.

திருத்துவதற்கு இரண்டு வழி. ஒன்று, இழுக்கும் குழாயையும் திரும்பு குழாயையும் ஒன்றாக மாற்றும் ஆறு வாய் வால்வு. அதில் இரண்டு வாய் எஞ்சினுக்கு, இரண்டு முதலாவது டாங்கிக்கு, இரண்டு இரண்டாவது டாங்கிக்கு. ஆறையும் பெயர் எழுதிக் கட்டிவிட்டுத்தான் குழாய் போடவேண்டும், ஒன்று மாறினாலும் இதே வழிதல் திரும்ப வரும். மற்ற வழி, வால்வைக் கழற்றிவிட்டு மல்லாவி வாசகருக்குச் சொன்ன முறைக்கு மாறுவது. ஆறு வாய் வால்வு பாதியில் இறுகி நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். ஆகவே நாங்கள் இரண்டாவதைத்தான் தேர்வோம்.

நெடுங்கேணி வாசகர்: பழைய 200 லீற்றர் பரலைப் படுக்கவைத்துப் பூட்டலாமா? அல்லது கல்வனைஸ் தகட்டில் டாங்கி செய்தால் துருப்பிடிக்காதே?

பதில்: நிறைந்த பரல் 185 கிலோவுக்கு மேல். உள்ளே தடுப்பு இல்லை, பாதி நிறைந்திருக்கும்போது அவ்வளவும் ஒரே பக்கமாகப் பாயும். கிரவல் வீதியில் குழிக்குள் இறங்கி ஏறும்போது பிக்கப்பின் பின்பக்கத்தை அது இழுக்கும். உருளும் பொருளைக் கயிற்றால் கட்டி நம்பவும் முடியாது.

கல்வனைஸ் தகடு வெளியே துருப்பிடிக்காது என்பது உண்மை. உள்ளேதான் பிரச்சினை. கல்வனைஸ் பூச்சிலுள்ள நாகம் என்ற உலோகம் டீசலிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து சவர்க்காரம் போன்ற ஒரு பொருளாகி டீசலில் கரையும். பில்டர் அதைப் பிடிக்காது. இன்ஜெக்டரின் நுனியில் போய்ப் படிந்து தெளிப்பைக் கெடுக்கும். செம்பும் ஆகாது, டீசலை விரைவாகப் பழுதாக்கும். சிறிய பித்தளை இணைப்புகளால் பெரிய கேடில்லை, ஆனால் டாங்கியும் நீண்ட குழாய்களும் சாதாரண இரும்பாக, அலுமினியமாக அல்லது ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலாக இருக்கட்டும். இரும்பு டாங்கியின் உட்பக்கத்துக்குப் பெயின்ற் அடிக்காதீர்கள். டீசல் அதைக் கழற்றும், கழன்ற தோல் பில்டரை அடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். டீசல், பெற்றோல், மண்ணெண்ணெய் எது இருந்த பரலையும் பழைய டாங்கியையும் வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். கழுவிக் காயவைத்தது என்றாலும் தகட்டின் மடிப்புக்குள் எண்ணெய் ஒட்டியிருக்கும். வெல்டிங் சூட்டில் அது ஆவியாகி, மூடிய இடத்துக்குள் காற்றோடு கலந்து வெடிக்கும். டீசல் பெற்றோல் போல இல்லை, பற்றாது என்ற எண்ணத்தில்தான் இந்தத் தவறு நடக்கிறது. புதிய தகட்டில் செய்யுங்கள்.

செய்து முடித்ததும் கசிவு பார்க்கும் முறையிலும் கவனம் வேண்டும். டாங்கிக்குள் 2 முதல் 3 பிஎஸ்ஐ காற்று மட்டும் விட்டு, ஒட்டுகளில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். ரயருக்குக் காற்றடிப்பதுபோல அடிக்கக் கூடாது. 100க்கு 35 சென்ரிமீற்றர் மேல்தகட்டின் மீது 1 பார் அழுத்தம், அதாவது 14.5 பிஎஸ்ஐ, மூன்றரைத் தொன் விசையாகத் தள்ளும். தகடு பானைபோல வீங்கும், ஒட்டு பிளக்கும். பக்கத்தில் நிற்பவர் காயப்படுவார்.

புதுக்குடியிருப்பு வாசகர்: இரண்டாவது டாங்கி பூட்டி ஒரு வருடம். ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை டீசல் பில்டர் அடைபடுகிறது. கழற்றினால் கறுப்பாக வழுவழுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. கலப்பட டீசலா?

பதில்: டீசலைக் குற்றம் சொல்ல முன்னர் டாங்கியின் அடியைப் பாருங்கள். அந்த வழுவழுப்பு பெரும்பாலும் நுண்ணுயிர். டீசலுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் அது வளரும். அதை விரலில் எடுத்துத் தேய்த்தால் தூள்போல நெருடாது, சளிபோல இழுபடும். நெருடினால் அது துரு.

தண்ணீர் பெரும்பாலும் காற்றிலிருந்துதான் வருகிறது. அரைவாசி வெறுமையான டாங்கி பகல் சூட்டில் காற்றை வெளியே விடும், இரவில் குளிர்ந்து ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். மார்கழி, தைப் பனியில் உள்தகடு வியர்த்து, துளிகள் அடியில் சேரும். வெட்டுக் காலத்துக்கு மட்டும் பாவித்துவிட்டு மிச்ச மாதங்களில் கால்வாசி டீசலோடு நிற்கவிடும் டாங்கிக்குத்தான் இந்த நோய்.

டாங்கியை முழுதாக வடித்துத் திறந்து கழுவிக் காயவையுங்கள். மேலால் இறுத்து எடுத்த டீசலையும் திரும்ப ஊற்றாதீர்கள். டாங்கியின் அடியில் வடிகால் திருகு இல்லாவிட்டால், வடிகால் திருகோடு புதிய தகட்டில் வேறு டாங்கி செய்யுங்கள். பழைய டாங்கியில் துளையிடவோ ஒட்டவோ வேண்டாம், காரணத்தை நெடுங்கேணி வாசகருக்குச் சொல்லியிருக்கிறோம். அதன்பின் மாதம் ஒருமுறை, இரவு முழுதும் அசையாமல் நின்ற வாகனத்தில், விடியற்காலையில் 200 மில்லிலீற்றர் அளவு ஒரு வெள்ளைப் போத்தலில் வடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். தண்ணீர் வராமல் நிற்கும்வரை வடியுங்கள். எஞ்சின் பில்டரின் அடியிலுள்ள திருகையும் அதே நேரத்தில் திறந்துவிடுங்கள். பாவனை இல்லாத மாதங்களுக்கு டாங்கியை ஒன்றில் நிறைத்து வையுங்கள், அல்லது முற்றாக வெறுமையாக்கி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் வைக்காதீர்கள்.

டாங்கியைச் சுத்தம் செய்த பின் முதல் பில்டரை 1,000 கிலோமீற்றரிலேயே மாற்றிவிடுங்கள். புதிதாக டாங்கி பூட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். வெல்டிங் பொடி எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் இருக்கும்.

பூநகரி வாசகர்: பெட்டியில் இடம் பிடிக்காமல், கீழே ஸ்பெயார் சில்லு தொங்கும் இடத்தில் டாங்கி வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், பாரம் தாழ்வாக இருப்பது வாகனத்துக்கு நல்லது. மூன்று விடயத்தைப் பாருங்கள். சைலன்சரிலிருந்து 15 சென்ரிமீற்றராவது விலகியிருக்கவேண்டும், முடியாவிட்டால் நடுவில் ஒரு சூடு மறைப்புத் தகடு. கிரவல் கல் தெறிப்பதற்கு அடியில் 3 மில்லிமீற்றர் காப்புத் தகடு, அதில் சேறு கழுவ ஓட்டைகள். மூன்றாவது காற்றுக் குழாய்: மாரியில் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும் இடங்களை நீங்கள் கடப்பீர்கள். சூடான டாங்கி குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கி, குழாய் நுனி தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையே உறிஞ்சும். நுனியைப் பெட்டியின் மேல்விளிம்பு வரை உயர்த்தி, கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள்.

வவுனியா வாசகர்: இதற்கு அனுமதி எடுக்கவேண்டுமா?

பதில்: வாகனத்தின் அமைப்பை மாற்றுகிறீர்கள். ஆகவே வேலை தொடங்க முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் படத்தோடு எழுத்தில் அறிவியுங்கள். அறிவிக்காத மாற்றம் இருந்தால் விபத்தின் பின் இழப்பீட்டை மறுக்க அது ஒரு காரணமாகிவிடும். சொந்த வாகனத்துக்கும் மெசினுக்கும் அடிப்பது ஒன்று, மற்றவர்களுக்கு அளந்து விற்பது வேறொன்று. விற்பதற்கு உரிமம் வேண்டும்.

கிளிநொச்சி வாசகர்: பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் டீசல் மாறுவதில்லை. சில நேரம் டாங்கி ‘டொப்’ என்று சத்தம் போடுகிறது. புதுப் பம்ப் வாங்கவேண்டுமா?

பதில்: வாங்க முன்னர் பம்பை ஓடவிட்டபடி இரண்டாவது டாங்கியின் மூடியைத் திறவுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், டீசலும் ஓடத் தொடங்கினால் பம்பில் பிழையில்லை, காற்றுக் குழாய் அடைபட்டிருக்கிறது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகும், தகடு உட்பக்கம் குழிந்து அந்தச் சத்தம் வரும்.

எங்கள் பக்கத்தில் குழாய் அடைபட இரண்டு காரணம். கிரவல் புழுதி ஒன்று. மற்றது குளவி. 8 மில்லிமீற்றர் துளை அதற்கு அளவெடுத்ததுபோல இருக்கும், வாகனம் சில நாள் நின்றால் போதும், மண்ணால் கூடு கட்டி மூடிவிடும். கம்பியால் உள்ளே குத்தாதீர்கள், மண் டாங்கிக்குள் விழும். குழாயை டாங்கிப் பக்கத்தில் கழற்றி வெளியே ஊதுங்கள். பிறகு நுனியில் மெல்லிய வலையோடு ஒரு சிறு காற்று வடிகட்டி பூட்டி, எஞ்சின் ஒயில் மாற்றும்போதெல்லாம் அதைக் கழற்றித் தட்டுங்கள்.

மூடியைத் திறந்தும் டீசல் ஓடவில்லை என்றால் சொலனொயிட் வால்வைப் பாருங்கள். சுவிச்சை அழுத்தும்போது வால்வின் மேல் விரலை வைத்தால் ‘டிக்’ என்று அது திறப்பது தெரியவேண்டும். தெரியாவிட்டால் செசியில் பூட்டிய எர்த் வயரின் நுனியைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். அதுவும் சரியென்றால் வலை வடிகட்டியைக் கழுவுங்கள். இவ்வளவுக்கும் பிறகும் டீசல் வராவிட்டால் பம்பை மாற்றலாம்.